உடும்பு வாத்தியாரின் ஒற்றைப் பாடம்

அத்திக்காட்டுக் குளத்தங்கரையில் சருகாண்டி என்றொரு சருகுமான் வாழ்ந்து வந்தார். சருகுமான் என்றால் முயல் அளவே இருக்கும் சின்ன மான். காய்ந்த இலைகளுக்கு நடுவே படுத்துவிட்டால் பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது. சருகாண்டியின் மனைவி பெயர் பூவரசி. அவர்களுக்கு ஒரே மகள், நொச்சி.

நொச்சிக்கு எல்லாவற்றிலும் ஆசை. எதிலும் முதலிடம் இல்லை.

குளத்தின் கீழ்க்கரையில் பெரிய அத்திமரம் ஒன்று இருந்தது. அதன் அடியில்தான் காட்டுப் பள்ளிக்கூடம் நடந்தது. இருந்ததே ஒரு டீச்சர். அவர் ஒரு மைனா. ஓட்டம், மோப்பம், ஒளிதல், நீச்சல், காற்றின் திசை பார்ப்பது, எந்தப் பறவை எதற்காகக் கத்துகிறது என்பது என எல்லாப் பாடங்களையும் அவரே நடத்துவார். நீச்சல் பாடத்தைக் காட்டெருமையின் முதுகில் உட்கார்ந்தபடி நடத்துவார். ஏனென்றால் அவருக்கு நீந்தத் தெரியாது. பாதிப் பாடத்தில் ஒரு தும்பி பறந்தால் நீச்சலை விட்டுவிட்டுத் தும்பியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

பிள்ளைகள் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். பெற்றோர்தான் சந்தோஷமாக இல்லை.

"என் பையனுக்கு நீந்தத் தெரியும், மோப்பம் தெரியும், காற்று தெரியும் என்கிறான். சரி, எதில் முதலிடம் என்று கேட்டால் முழிக்கிறான்!" என்று புலம்பினார் முயலப்பா.

"என் மகன் மூக்கு எவ்வளவு நீளம்! அதைத் தண்ணீரில் முக்கி நீச்சல் கற்றுக்கொடுக்கிறாராம் டீச்சர். அநியாயம்!" என்றாள் பன்றியம்மா.

அந்தக் கோடையில்தான் குளத்தின் மேல்கரைக்கு ஓர் உடும்பு வந்து சேர்ந்தார். பெயர் பேராசிரியர் வன்பிடி. யார் அவருக்குப் பேராசிரியர் பட்டம் கொடுத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. மேல்கரையில் மூங்கில் தோப்பை ஒட்டி ஒரு திடல் இருந்தது. திடலின் ஓரத்தில் பெரிய கறையான் புற்று. அதில் குடியேறிய வன்பிடி, புற்றின்மேல் நகத்தாலேயே பெரிய எழுத்தில் கீறி வைத்தார்:

'வன்பிடி உயர் பயிற்சிக் கூடம். ஒரே பாடம்! ஒரே பிடி! ஒரே வெற்றி!'

மறுநாளே பெற்றோர் கூட்டம் நடந்தது. வன்பிடி ஒரு மரத்தில் ஏறி, பட்டையைப் பிடித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கினார்.

"பார்த்தீர்களா? நான் பிடித்தால் பிடித்ததுதான்! நாலு பேர் சேர்ந்து இழுத்தாலும் விடமாட்டேன். உங்கள் பிள்ளைகளோ ஒரே நாளில் ஆறு பாடத்தைப் பிடிக்கிறார்கள். சாயங்காலத்துக்குள் ஆறையும் விட்டுவிடுகிறார்கள்!"

"சரியாகச் சொன்னீர்கள்!" என்றார் சருகாண்டி.

"போன வருஷம் தெற்குக் காட்டிலிருந்து ஒரு முயல் என்னிடம் வந்தான். ஓட்டம் மட்டும் படித்தான். வேறு எதையும் நான் படிக்க விடவில்லை. புலி மகாராஜாவின் அரசவைத் தேர்வில் முதலிடம்! நேராக அரசவைக்கே போய்விட்டான்!"

கூட்டம் வாயைப் பிளந்தது.

"இப்போது அந்தப் பையன் எங்கே இருக்கிறான்?" என்று பூவரசி கேட்டாள்.

"மகாராஜாவுக்கு மிக நெருக்கத்தில், அம்மா!"

"அதற்குப் பிறகு யாராவது அவனைப் பார்த்தார்களா?"

"எப்படிப் பார்க்க முடியும்? மகாராஜாவோடு ஒன்றாகக் கலந்துவிட்டானே!"

பெற்றோர் எல்லாரும் காலைத் தரையில் தட்டி ஆரவாரம் செய்தார்கள். பூவரசி மட்டும் தட்டவில்லை.

ஒரே வாரத்தில் அத்திமரத்தடி காலியாகிவிட்டது. தண்ணீர் குடிக்கக் கூடும் இடத்தில் வேறு பேச்சே இல்லை.

"உங்கள் பையனை எதில் சேர்த்தீர்கள்?"

"ஓட்டம். உங்களுடையது?"

"மோப்பம். பிறந்தபோதே முடிவு செய்துவிட்டோம்!"

"நீச்சலில் யாரையும் சேர்க்கவில்லையா?"

"நீச்சலா! அதற்கு அரசவையில் என்ன வேலை இருக்கிறது?"

அன்று சாயங்காலம் சருகாண்டி மகளைக் கூப்பிட்டார்.

"நொச்சி, நாளையிலிருந்து நீ ஒளிதல் பிரிவு."

"அப்பா, எனக்கு நீச்சல்தான் பிடிக்கும். காற்று பார்ப்பதும் பிடிக்கும். மற்றதையும் விட மனசில்லை."

"நீச்சல் படித்து என்ன ஆகப் போகிறாய்? மீனா?"

"ஒளிவது எனக்குப் பிறந்ததிலிருந்தே தெரியுமேப்பா! அதை எதற்கு வருஷம் பூராவும் படிக்க வேண்டும்?"

"தெரிந்ததைப் படித்தால்தானே முதல் மதிப்பெண் வரும்! நான்தான் காட்டில் ஒன்றும் ஆகாமல் போய்விட்டேன். நீயாவது அரசவைக்குப் போக வேண்டாமா?"

நொச்சி அம்மாவைப் பார்த்தாள். பூவரசி வாய் திறக்கப் போனாள். "நீ சும்மா இரு!" என்றார் சருகாண்டி. அதோடு பேச்சு முடிந்தது.

வன்பிடியின் கூடத்தில் மூன்று பிரிவுகள் இருந்தன. ஓட்டப் பிரிவுக்குத் திடலைச் சுற்றி வட்டமாக ஒரு பாதை. பக்கத்தில் இருப்பது எதுவும் கண்ணில் படக் கூடாது என்று ஓடுபவர்களின் முகத்தில் இரண்டு பக்கமும் தேக்கிலையைக் கட்டிவிட்டார் வன்பிடி.

"முன்னால் மட்டும் பார்! பக்கத்தில் பார்ப்பது வேறு பாடம்!"

அதில் முதல் மாணவன் முயலப்பாவின் மகன் காற்றுவேல். காலையில் ஓட ஆரம்பித்தால் வெயில் ஏறும்வரை சுற்றிச் சுற்றி ஓடுவான். எங்கே போகிறோம் என்று அவன் ஒரு நாளும் கேட்டதில்லை.

மோப்பப் பிரிவில் எல்லாருக்கும் கண்ணைக் கட்டி, காதில் ஈரமண்ணை அடைத்தார்கள். "கண்ணும் காதும் மூக்குக்கு எதிரிகள்!" என்றார் வன்பிடி. பன்றியம்மாவின் மகன் கோரையன் அங்கே கெட்டிக்காரன். நாற்பது வகை மரத்தின் புகையை முகர்ந்தே பிரித்துச் சொல்வான். தன் அம்மா எதிரே வந்தால் மட்டும் முட்டிக்கொள்வான்.

ஒளிதல் பிரிவில் செதிலம்மா என்ற எறும்புத்தின்னிப் பெண் முதலிடம். உடம்பைச் சுருட்டிக்கொண்டால் அவள் கல்லேதான். ஒரு தடவை ஆந்தை ஒன்று அவள்மேல் உட்கார்ந்து தூங்கிவிட்டுப் போனது. செதிலம்மா மூச்சுக்கூட விடவில்லை. அன்று அவளுக்கு நூற்றுக்கு நூற்றைந்து போட்டார் வன்பிடி.

"யார் கூப்பிட்டாலும் அசையாதே! அம்மா கூப்பிட்டாலும் அசையாதே! அதெல்லாம் தேர்வு வைப்பவர்கள் செய்யும் தந்திரம்! மரங்கொத்தி மூன்று தட்டு தட்டினால்தான் மணி! அப்போது மட்டும் எழுந்திரு!" இதுதான் அவர் தினமும் சொல்லும் பாடம்.

"ஐயா, ஒளிந்திருக்கும் இடத்துக்கே ஆபத்து வந்தால் என்ன செய்வது?" என்று நொச்சி கேட்டாள்.

"அது சிலபஸில் இல்லை!"

நொச்சி ஒளிதலில் கடைசி. தூரத்தில் ஒரு குக்குறுவான் குருவி கூவினால்கூட அவள் காது தானாக நிமிர்ந்துவிடும்.

"காது அசைந்தது! இரண்டு மதிப்பெண் போச்சு!" என்று மரக்கிளையிலிருந்து கத்துவார் வன்பிடி.

அவளுடைய தோழியோ அவளுக்காக வருத்தப்பட்டாள். "நொச்சி, கொஞ்ச நாளைக்குக் காதை மறந்துவிடேன். அரசவைக்குப் போன பிறகு கேட்டுக்கொள்ளலாம்," என்றாள் செதிலம்மா.

நொச்சி மறக்கவில்லை. மதியம் எல்லாரும் இளைப்பாறும் நேரத்தில் அவள் குளத்தைச் சுற்றிக் கீழ்க்கரைக்குப் போவாள். அத்திமரத்தடியில் இப்போது இரண்டு வாத்துக் குஞ்சுகளும், சொன்னதையெல்லாம் உடனே மறந்துவிடும் ஒரு தவளையும்தான் பாக்கி. டீச்சர் அந்த நாலு பேருக்கும் தொண்டை வறளப் பாடம் நடத்துவார். உலர்ந்த புல்லை மேலே வீசி, அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கச் சொல்வார். குளத்தில் எங்கே ஆழம், எங்கே மேடு என்று காலால் தடவிப் பார்த்து வரச் சொல்வார். நீச்சல் போட்டியில் வாத்துக் குஞ்சுகள் நொச்சியை ஒவ்வொரு நாளும் தோற்கடிக்கும். அவள் ஒவ்வொரு நாளும் சிரித்துக்கொண்டே கரையேறுவாள்.

"மகள் மதியத்தில் எங்கே போகிறாள்?" என்று ஒரு நாள் சருகாண்டி கேட்டார்.

"அத்திப்பழம் பொறுக்கப் போகிறாள்," என்றாள் பூவரசி.

"முடி எல்லாம் ஈரமாக இருக்கிறதே?"

"கழுவித் தின்கிறாள்."

கோடை முற்றியது. மாதிரித் தேர்வு நாள் வந்தது. தேர்வு நடக்கும்போது பெற்றோர் திடலில் நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டார் வன்பிடி. அவர்கள் கீழ்க்கரைக்குப் போய் அத்திமரத்து நிழலை நிறைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இடம் போன டீச்சர் ஒரு கிளையில் ஏறி, அங்கிருந்தே தவளைக்குப் பாடம் எடுத்தார்.

"கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள், டீச்சர்! பிள்ளைகளுக்குத் தேர்வு நடக்கிறது!" என்று அதட்டினார் முயலப்பா. திடல் இருந்ததோ குளத்துக்கு அந்தப் பக்கம்.

நல்ல உச்சி வெயில். அனல் காற்று வீசியது. மூங்கில் தோப்பில் காய்ந்த மூங்கில்கள் ஒன்றோடு ஒன்று உரசின. உரசிய இடத்தில் ஒரு பொறி. அது சருகில் விழுந்தது.

முதலில் கண்டுபிடித்தவன் கோரையன்தான். கண்ணைக் கட்டியிருந்தாலும் அவன் மூக்கு தப்பவிடவில்லை.

"புகை! மூங்கில் புகை! பச்சை மூங்கில் இல்லை, காய்ந்தது! கூடவே கொஞ்சம் ஈச்ச மட்டை!" என்று பெருமையாகக் கத்தினான். "ஐயா, எழுதிக்கொண்டீர்களா?"

ஐயா எழுதிக்கொள்ளவில்லை. நெருப்பைப் பார்த்ததும் அவர் புற்றுக்குள் நுழைந்து, ஆழத்தில் ஒரு வேரை இறுகப் பிடித்துக்கொண்டார். மணி தட்ட வேண்டிய மரங்கொத்தி, தட்டாமலே பறந்துபோனது.

சருகுக்கு அடியில் படுத்திருந்த நொச்சியின் காது நிமிர்ந்தது. மரங்கொத்தியின் சிறகடிப்பு கேட்டது. அதன் பின்னால் படபடவென்று ஒரு சத்தம். மழைச் சத்தம் மாதிரி. ஆனால் மழை வாசனை இல்லை. அசைந்தால் தேர்வு போய்விடும். அப்பாவின் முகம் ஒரு கணம் அவள் கண் முன்னால் வந்து நின்றது.

நொச்சி எழுந்துவிட்டாள்.

தோப்பு முழுவதும் எரிந்துகொண்டிருந்தது. ஓட்டப் பிரிவினர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். எங்கே? அதே வட்டப் பாதையில்! நெருப்பைத் தாண்டி ஓடி, சுற்றி வந்து, மறுபடியும் நெருப்புக்கே வந்து நின்றார்கள். காற்றுவேல் எல்லாருக்கும் முன்னால் ஓடினான்.

"நாலாவது சுற்று! இவ்வளவு வேகமாக நான் ஓடியதே இல்லை!" என்று அலறினான். சந்தோஷமா பயமா என்று அவனுக்கே தெரியவில்லை.

நொச்சி பாதையின் குறுக்கே போய் நின்றாள். காற்றுவேல் அவள்மேல் மோதி உருண்டான். அவள் அவன் முகத்திலிருந்த தேக்கிலையைப் பல்லால் இழுத்தெறிந்தாள்.

"பக்கத்தில் பார்!"

காற்றுவேல் பார்த்தான். எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்றுதான் குளத்தைப் பார்த்தான்.

நொச்சி உலர்ந்த புல்லை வாயில் கவ்வி மேலே வீசினாள். புல் தோப்பிலிருந்து திடலைப் பார்த்துப் பறந்தது. "நெருப்பு இந்தப் பக்கம்தான் வரும்! எல்லாரும் தண்ணீருக்குப் போங்கள்!"

"எங்களுக்கு நீச்சல் மறந்துபோய்விட்டதே!" என்று பத்துக் குரல்கள் ஒன்றாக அழுதன.

"நீந்த வேண்டாம்! அல்லிக்கொடி தெரிகிறதா? அதை ஒட்டியே போனால் நெஞ்சளவுதான் தண்ணீர். நடுவில் கோரைப்புல் திட்டு இருக்கிறது. அதில் ஏறி நில்லுங்கள்! ஒருவர் வாலை ஒருவர் பிடித்துக்கொள்ளுங்கள்!"

அப்போதுதான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. கீழ்க்கரையிலிருந்து திடலுக்கு வரக் குறுக்கு வழி மூங்கில் தோப்பின் நடுவேதான் வருகிறது. புகையைப் பார்த்தால் பெற்றோர் எல்லாரும் அந்த வழியில்தான் ஓடி வருவார்கள்!

"காற்றுவேல், நம் அம்மா அப்பாவை நிறுத்த வேண்டும்! குளக்கரையைச் சுற்றி ஓடு. கரைப் புல்லில் நெருப்புப் பிடிப்பதற்குள் தாண்ட வேண்டும். உன்னால் மட்டும்தான் முடியும்!"

"எனக்கு வட்டப் பாதை தவிர வேறு வழியெல்லாம் மறந்துபோய்விட்டதே!" என்றான் காற்றுவேல். "எந்தப் பக்கம் திரும்ப வேண்டும்?"

"குளம் உன் இடப்பக்கமே இருக்கட்டும். அத்திமரம் தெரிகிறவரை நிற்காதே!"

காற்றுவேல் ஓடினான். அன்று அவன் ஓடிய ஓட்டத்துக்கு மதிப்பெண் போட யாரும் இல்லை.

கண்ணும் காதும் அடைத்திருந்த மோப்பப் பிரிவினரையும் வரிசையில் சேர்த்துக்கொண்டு, பிள்ளைகள் ஒருவர் வாலை ஒருவர் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள். நொச்சி எண்ணிப் பார்த்தாள். ஒருத்தி குறைந்தாள்.

"செதிலம்மா எங்கே?"

யாருக்கும் தெரியவில்லை. திடலின் ஓரம் முழுவதும் கற்கள். எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு. அதில் ஒரு கல்தான் செதிலம்மா.

"செதிலம்மா! எழுந்திரு! நெருப்பு!" என்று நொச்சி தொண்டை கிழியக் கத்தினாள்.

எந்தக் கல்லும் அசையவில்லை. சுருண்டு கிடந்த செதிலம்மாவுக்கு அது நன்றாகவே கேட்டது. "தந்திரம்! என்னை ஏமாற்றப் பார்க்கிறார்கள்!" என்று நினைத்துக்கொண்டு இன்னும் இறுக்கமாகச் சுருண்டாள். முதுகு சுட்டது. வெயில் என்று நினைத்தாள்.

நொச்சி வரிசையின் கடைசியில் நின்ற கோரையனிடம் ஓடினாள். அவன் கண்கட்டை அவிழ்த்து, காதிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். "உன் மூக்கு வேண்டும்! செதிலம்மாவைக் கண்டுபிடி!"

"புகையில் எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை, நொச்சி! நாற்பது புகையும் ஒன்றாக வருகிறது!" கோரையன் அழுதுவிட்டான்.

"தலையைத் தூக்காதே! புகை மேலேதான் போகும். மூக்கைத் தரையோடு தரையாக வை. அவள் தினமும் எறும்பு தின்கிறவள்!"

கோரையன் மூக்கை மண்ணில் அழுத்தினான். கற்களுக்கு நடுவே ஊர்ந்தான். அவனுடைய முதுகு மயிர் கருகிச் சுருண்டது. அவன் நிற்கவில்லை. பதினோராவது கல்லில் மூக்கு நின்றது.

"எறும்பு வாசனை! இவள்தான்!"

இருவரும் சேர்ந்து உருட்டிப் பார்த்தார்கள். செதிலம்மா விரியவில்லை. நகரவும் இல்லை. பன்றிக்குட்டியும் சருகுமானும் சேர்ந்து தூக்கக்கூடிய கனமா அவள்? நெருப்பு பத்தடி தூரத்துக்கு வந்துவிட்டது.

"நீயாவது போ, கோரையா!"

"நீ வந்தால்தான் போவேன்!"

நொச்சி சுற்றிலும் பார்த்தாள். பக்கத்தில் ஒரு மரக்கட்டை விழுந்து கிடந்தது. அவள் முன்னங்குளம்பால் அதை ஓங்கித் தட்டினாள்.

டொக்! டொக்! டொக்!

செதிலம்மா பட்டென்று விரிந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"முடிந்துவிட்டதா? நான்தானே முதல்?"

"நீதான் முதல்! ஓடு!"

மூவரும் தண்ணீரில் போய் விழுந்தார்கள். செதிலம்மாவின் வால் தண்ணீரில் பட்டபோது 'சுஸ்' என்று ஆவி பறந்தது. அப்போதுதான் அவள் திரும்பிப் பார்த்தாள். தான் படுத்திருந்த இடம் எரிவதைக் கண்டாள். 

கீழ்க்கரையில் பெற்றோர் புகையைப் பார்த்துவிட்டு, நொச்சி பயந்தபடியே தோப்பு வழியில் கிளம்பியிருந்தார்கள். "அந்தப் பக்கம் போகாதீர்கள்! புகை அங்கிருந்துதான் வருகிறது!" என்று டீச்சர் அவர்கள் தலைக்கு மேலே பறந்து கத்தினார்.

"எல்லாப் பாடமும் எடுக்கிறவர் பேச்சை யார் கேட்பது!" என்று சொல்லிக்கொண்டே முன்னால் ஓடினார் முயலப்பா.

அந்த நேரம் புதரைக் கிழித்துக்கொண்டு காற்றுவேல் வந்து விழுந்தான். ஒரு பின்னங்கால் தீய்ந்திருந்தது. "நில்லுங்கள்! அங்கே நெருப்பு! நாங்கள் எல்லாரும் குளத்தில் இருக்கிறோம்!"

"எத்தனை எண்ணுவதற்குள் வந்தாய்?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டார் முயலப்பா. கேட்ட மறுகணம் மகனின் காலைப் பார்த்தார். அப்படியே அவனைக் கட்டிக்கொண்டு அழுதார்.

நெருப்பு தோப்பைத் தின்றது. திடலைத் தின்றது. தண்ணீர் ஓரத்தில் வந்து அடங்கியது. புல் திட்டில் நின்ற பிள்ளைகளை வாத்துக் குஞ்சுகள் முன்னால் நீந்தி, ஆழமில்லாத வழியைக் காட்டிக் கீழ்க்கரைக்குக் கூட்டி வந்தன. கடைசியாக நொச்சி கரையேறினாள்.

பூவரசி மகளின் உடம்பெல்லாம் நக்கினாள். சருகாண்டி ஓரமாக நின்றார். 

"நீ எழுந்திருக்காமல் சருகிலேயே கிடந்திருந்தால்..." என்று ஆரம்பித்தார். 

"தேர்வில் எனக்குப் பூஜ்யம்தான் வரும், அப்பா."

"வரட்டும்மா," என்றார் சருகாண்டி.  

மறுநாள் காலை புற்றிலிருந்து வன்பிடி வெளியே வந்தார். உடம்பெல்லாம் கரி. பிள்ளைகளின் பெற்றோர் சாம்பல் திடலில் கூடியிருந்தார்கள். வன்பிடி தொண்டையைச் செருமினார்.

"தேர்வு முடிவு! மணி தட்டுமுன் இடத்தை விட்டு எழுந்ததால் எல்லாரும் தோல்வி. கடைசிவரை பிடியை விடாதவன் நான் ஒருவன்தான்!"

பன்றியம்மா ஒரே பாய்ச்சலில் வந்தாள். வன்பிடி எகிறி மரத்தில் ஏறிக்கொண்டார்.

"என் மகன் கண்ணைக் கட்டி நெருப்பில் விட்டுவிட்டு நீ எங்கே போனாய்?"

"கோபப்படாதீர்கள், அம்மா! பாடத்தைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு சின்னத் தவறு, அவ்வளவுதான். அடுத்த வாரம் புதிய பிரிவு தொடங்குகிறேன். தீத் தப்புதல்! அது மட்டும்தான்! காலை முதல் மாலை வரை தீ, தீ, தீ! வேறு எந்தப் பாடமும் கிடையாது!"

 பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"எத்தனை இடம் இருக்கிறது, சார்?"

"முப்பது!"

"என் பெண்ணுக்கு ஒன்று!" "என் பையன் பேரை முதலில் எழுதுங்கள்!" என்று பாதிக் கூட்டம் மரத்தடிக்கு ஓடியது. செதிலம்மாவின் அப்பாவும் ஓடினார். ஆனால் செதிலம்மா அவருடைய வாலைப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு இழுத்தும் விடவில்லை. கடைசியில் அவர் திரும்பி வந்தார்.

மீதிக் கூட்டம் அத்திமரத்தடிக்கு நடந்தது. இத்தனை பேரை ஒரே நேரத்தில் பார்த்த டீச்சருக்கு என்ன பாடம் எடுப்பது என்றே மறந்துபோயிற்று. காற்றுவேல் கட்டுப்போட்ட காலோடு முன்வரிசையில் உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் காடு முழுவதையும் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

கோரையன் எழுந்தான். "டீச்சர், எனக்கு மோப்பம்தான் உயிர். பெரியவன் ஆனதும் அதைத்தான் ஆழமாகப் படிக்கப் போகிறேன். அதுவரைக்கும் மற்றதையும் சொல்லிக்கொடுங்கள். முதலில் நீச்சல்!"

"தாராளமாக!" என்று சொன்ன டீச்சர், எருமையைத் தேடிப் பறந்தார்.

சருகாண்டி மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அப்பா, இது மாணவர்கள் உட்காரும் இடம்!"

"தெரியும்," என்றார் சருகாண்டி. "அந்த அல்லிக்கொடி ஓரம் எவ்வளவு ஆழம் என்று சொன்னாய்?"

ஒரு பாடத்தில் கெட்டிக்காரராக இருப்பது நல்லதுதான். ஆனால் வளரும் வயதில் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒன்றையே கற்றவருக்கு, ஆபத்து வேளையில் அந்த ஒன்றுகூடக் கைகொடுக்காது.